'பரவாயில்லை' என்ற பாவி

நான்காம் தேதி
கடை, கதவைச் சாத்திக்கொண்டு

ஒரே காட்சியை முப்பத்தேழு தடவை எடுத்தும் மனம் நிறையாதவளும், சொந்த மாமனைப் பன்னிரண்டு நாள் ஒரே சட்டையில் நடிக்க வைத்து அந்தச் சட்டைக்கே நடிப்பு வரும்படி செய்தவளும், இப்போது மெத்தை விளம்பரங்களை வெட்டி ஒட்டும் கம்பெனியில் போய் ஒளிந்துகொண்டவளுமாகிய என் மருமகள் 'மறுபடி'க்கு, மாமன் எரிகிற வயிற்றோடு எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். உன் சுகத்தை இந்தக் கடிதத்தில் விசாரிக்கப் போவதில்லை. கோபம் தீர்ந்த பிறகு தனியாக விசாரித்துக்கொள்கிறேன்.

போனில் பதினொரு தடவை அழைத்தேன். நீ எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் போ. போனைத் துண்டிக்கலாம், கடிதத்தைத் துண்டிக்க முடியாது. கிழிக்கலாம். ஆனால் கிழிக்கிற சத்தம் எனக்கு இங்கே கேட்கும். பக்கத்து ஊரில் ஒருவர் கண்ணாடியைக் கீழே போட்ட சத்தம் கேட்டு, அவர் பஸ் பிடித்து வருவதற்குள் புது லென்ஸைத் தயாராக வைத்திருந்தவன் உன் மாமன்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுச் சாயங்காலம் குறும்படக் கழகத்துக்குப் போயிருந்தேன். பதினெட்டாம் தேதி உன் 'அடுத்த லென்ஸ்' திரையிடும்போது முன்வரிசையில் நான்கு நாற்காலி வேண்டும் என்று சொல்லத்தான் போனேன். உன் அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, என் புகழ் உட்கார ஒன்று.

ஒரு மாதமாகக் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் கண்ணாடியைத் துடைத்துக் கொடுக்கும்போதே சொல்லி வைத்திருக்கிறேன்: "பதினெட்டாம் தேதி மத்தியானம் இதப் போட்டுட்டு வந்துருங்க. எம் மருமக எடுத்த படம். நானும் வர்றேன் அதுல. என் மூஞ்சி தெளிவாத் தெரிஞ்சா பவர் சரின்னு அர்த்தம்." எதிர்க்கடை மருந்துக்காரர், நான் செத்தால்கூட அரை நாள் கடையைச் சாத்த மாட்டேன் என்கிற மனுஷன், அவரே சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார்.

கழகத்தின் செயலாளரை உனக்குத் தெரியும். நூலகத்து மாடியில், சட்டைப் பையில் மூன்று பேனாவோடு, ஆளைவிட அதிகம் பேசுகிற மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். பட்டியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் பட்டியலைப் பார்த்தார். "சார், அந்தப் படம் இல்லையே. வாபஸ் வாங்கிட்டாங்களே" என்றார்.

நான் போட்ட சத்தத்தில் நூலகத்தில் இருந்த புத்தகங்கள் எல்லாம் அகர வரிசை மாறி நின்றன என்று கேள்வி. "யாரு வாங்குனா? யாரக் கேட்டு வாங்குனா?" என்று குதித்தேன். "எடுத்தவங்கதான் சார். மெதுவாப் பேசுங்க, கீழ படிச்சிட்டு இருக்காங்க" என்றார். "படிக்கட்டும். நான் பேசுறதையும் சேத்துப் படிக்கட்டும்" என்றேன்.

அந்த மனுஷன் கடைசியில் வேறு வழி இல்லாமல் நீ அனுப்பிய கடிதத்தை எடுத்து நீட்டினார். உன் கையெழுத்து. எறும்புக்குப் பிறந்த எறும்பு எழுதியது போல. மூக்கோடு ஒட்டி வைத்துப் படித்தேன். 'என் படத்தை முதலில் பார்த்தவர் நான் மிகவும் நம்புகிற ஒருவர். பார்த்து முடித்துவிட்டுப் பரவாயில்லை என்று மட்டும் சொன்னார். அவரே எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டிய நிலையில் படம் இருக்கிறது. இதை நான்கு பேர் முன்னால் காட்ட எனக்குத் தைரியம் இல்லை. மன்னிக்கவும்.'

அடிப்பாவி! எனக்குக் காட்டுவதற்கு முன்னாலேயே வேறு எவனுக்கோ காட்டியிருக்கிறாய்! என் கடையில், என் சோதனை அறையில், என் நாற்காலியில் எடுத்த படத்துக்கு முதல் ஆள் நான் இல்லையா? சரி, அந்த வழக்கைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். முதலில் அந்தப் பாவி யார் என்று சொல். உன் படத்தில் ஓவியம் வரைகிற ஒரு பெண், தான் வரைந்தது எதுவும் சரியில்லை, ஒருவேளை கண்ணில்தான் கோளாறோ என்று பயந்து கண்ணாடிக் கடைக்கு வருகிறாள். கடைக்காரன் லென்ஸ் மேல் லென்ஸாக மாற்றி மாற்றி "இப்ப?" "இப்ப?" என்று கேட்கிறான். எதைப் போட்டாலும் அவள் "இல்ல" என்கிறாள். கடைசியில் லென்ஸே இல்லாத வெறும் ஃப்ரேமை மாட்டி "இப்ப?" என்கிறான். அப்போது அந்தப் பெண்ணின் முகம் மாறுகிறதே, அதைப் பார்த்துவிட்டு ஒருவன் பரவாயில்லை என்று சொன்னானா? அவன் கண்ணை நான் பரிசோதிக்கிறேன். இரண்டு லென்ஸையும் இடம் மாற்றிப் போட்டு, ஆயுள் முழுக்கப் படிக்கட்டு இல்லாத இடத்தில் படி ஏறும்படி செய்கிறேன்.

கண்டுபிடிக்காமல் விட மாட்டேன். உன் படப்பிடிப்பில் இருந்த ஒவ்வொருவரையும் விசாரிக்கப் போகிறேன். பதினைந்தாம் தேதிதான் நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போகிறதாம். அதற்குள் நீ ஒரு வரி எழுதினால் படத்தைச் சேர்த்துக்கொள்வதாகச் செயலாளர் சொன்னார். சொன்னார் என்றால், நான் சொல்ல வைத்தேன்.

கையெழுத்துக்குக்கூட மனமில்லாத கோபத்தில்,
உன் மாமன்

---

ஏழாம் தேதி
கடை

அன்புள்ள மறுபடிக்கு,

பாவி அகப்பட்டுவிட்டான்.

முதலில் உன் கேமராக்காரத் தோழனைப் பிடித்தேன். ஸ்டுடியோவில் யாரோ ஒருவரைப் பாஸ்போர்ட் படத்துக்கு முகவாயைத் தூக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் போய் நின்ற வேகத்தில் அவன் முகவாயும் சேர்ந்து தூக்கிக்கொண்டது. "மாமா, சத்தியமா நான் முழுசாப் பாக்கவே இல்ல. கேட்டா இன்னும் முடியல, இன்னும் முடியலன்னே சொல்லிட்டு இருந்தா" என்று அழாத குறை. அடுத்து, ஓவியக்காரப் பெண்ணாக நடித்தாளே, பல் வைத்தியத்துக்குப் படிக்கிற உன் தோழி. ஒருவர் வாயில் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு, "அங்கிள், என் மூஞ்சிய நானே பெருசாப் பாக்கணும்னு பயமா இருந்துச்சு, அதனால வேண்டாம்னுட்டேன்" என்றாள். வாய் திறந்து கிடந்த மனுஷரும் ஏதோ சாட்சி சொன்னார். புரியவில்லை.

துப்புக் கிடைக்காமல் உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் நடந்ததை எல்லாம் கை கால் ஆட்டிச் சொல்லி முடித்து, அவன் மட்டும் கையில் கிடைக்கட்டும் என்று பல்லைக் கடித்தேன். என் அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அந்த ஆளப் பாக்கணும்னா கண்ணாடியில போய்ப் பாருடா" என்றாள்.

கடையில் நானூறு கண்ணாடி இருக்கிறது. வாடிக்கைக்காரர்களில் ஒருவன் என்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, "யாருக்கா அது, தடி ஃப்ரேம் போட்டவனா?" என்று கேட்டேன். அவள் மடித்துக்கொண்டிருந்த துண்டை என் மேல் வீசினாள். "நீதான்டா! போன மாசக் கடைசிச் செவ்வாக்கிழம கடைக்கு லேப்டாப்பத் தூக்கிட்டு வந்து உனக்குத்தானே மொதல்ல காட்டுனா? பாத்துட்டு என்ன சொன்ன?"

விழுந்த துண்டை எடுத்து ஒழுங்காக மடித்து அவளிடம் கொடுத்தேன். நாற்பது வருஷத்தில் முதல் தடவை.

ஆமாம், சொன்னேன். பரவாயில்லை என்றுதான் சொன்னேன். ஆனால் கழுதை, உனக்குக் காது எங்கே போயிற்று? பன்னிரண்டு நாள் என் சோதனை அறையில் குடியிருந்தாயே. அங்கே அந்த வார்த்தைக்கு என்ன விலை என்று பார்த்தாயா இல்லையா? ஒருவருக்கு லென்ஸ் போட்டதும் "ஆகா, சூப்பர்" என்றால் நான் நிறுத்துகிறேனா? நிறுத்த மாட்டேன். அவர் எனக்காகச் சொல்கிறார், அல்லது சீக்கிரம் வீட்டுக்குப் போவதற்காகச் சொல்கிறார். அடுத்த வாரமே தலைவலி என்று திரும்பி வருவார். "நல்லா இருக்கு" என்றாலும் நம்ப மாட்டேன். இன்னொன்று மாற்றுவேன். மாற்றிக்கொண்டே வரும்போது ஒரு லென்ஸில் மனுஷர் பேசுவதை நிறுத்துவார். எதிர்ச் சுவரில் உள்ள எழுத்துப் பலகையைப் பார்ப்பார். சுவரைப் பார்ப்பார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "பரவாயில்லை" என்பார். அந்த இடத்தில்தான் நான் கையை எடுப்பேன். அதற்கு மேல் ஒரு லென்ஸ் என் கடையில் கிடையாது. உலகத்தில் எந்தக் கடையிலும் கிடையாது.

அந்த 'பரவாயில்லை'தான் உனக்குச் சொன்னது. தடுக்கி விழுந்த பிள்ளையிடம் சொல்கிற 'பரவாயில்லை' அல்ல. இரண்டுக்கும் எழுத்து ஒன்றாக இருப்பதற்கு நானா பொறுப்பு?

இதை உன் அம்மாவிடம் இன்னும் மூன்று மடங்கு விரிவாக விளக்கினேன். அவள் கேட்டுவிட்டு, "கடைசியில ஒரு 'யே' போட்டிருக்கலாம்ல? பரவாயில்லையேன்னு சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு துள்ளிக் குதிச்சிருக்கும். ஒரு 'யே'க்கு வாய் வலிச்சிருச்சா?" என்றாள். அத்தோடு விட்டாளா? "சரி, உனக்குத்தான் அவ்வளவு புடிச்சிருந்துச்சே. ஒரு பல்லி கீழ விழுந்தா ஒம்போது நாள் பேசுற வாய்க்கு அன்னிக்கு மட்டும் என்ன ஆச்சு?"

கடையில் வேலை இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. கடைக்கு விடுமுறை.

எது எப்படியோ, பாவி நான்தான், ஒப்புக்கொண்டேன், வழக்கு முடிந்தது. உடனே செயலாளருக்கு எழுது. என் மேல் உள்ள கோபத்தைப் படத்தின் மேல் காட்டாதே. என் மேல் காட்ட நிறைய இடம் இருக்கிறது, பார்த்திருக்கிறாய்.

கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த,
மாமன்

---

பதினொன்றாம் தேதி
கடை, மத்தியானம்

மறுபடி,

அடைமொழி எல்லாம் இன்று கிடையாது. அவ்வளவு கோபம்.

காலையில் உன் அம்மா கடைக்கே வந்து நீ போனில் சொன்னதைச் சொன்னாள். "மாமா சும்மா எனக்காகச் சொல்றாரும்மா. நான் அழுதிருப்பேன்னு நெனச்சு ரெண்டு பக்கத்துக்குச் சமாதானம் எழுதியிருக்காரு" என்றாயாம். நான் சமாதானம் எழுதுகிறவனா? நான் எழுதிய வாழ்த்து மடல்களைப் படித்துவிட்டு இரண்டு சம்பந்திகள் பேச்சுவார்த்தை நிறுத்தியது உனக்குத் தெரியாதா?

அதைக்கூட மன்னிப்பேன். அதற்கு அடுத்து ஒன்று சொன்னாயாம். "வேணும்னா அந்தக் கடைசி ஷாட்டத் தூக்கிட்டு அனுப்புறேன். அதுலதான் ஒண்ணுமே நடக்கல. மாமா சும்மா உக்காந்திருக்காரு. அது இல்லேன்னா படம் கொஞ்சம் தேறும்."

இதைச் சொல்லிவிட்டு உன் அம்மா, பிரச்சினை தீர்ந்தது என்று சந்தோஷமாகப் போய்விட்டாள். நான் கடைக் கதவைச் சாத்திவிட்டேன். இரண்டு பேர் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

உன்னிடம் ஒரு விஷயம் மறைத்துவிட்டேன். நேற்றுவரை அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். இப்போது சொல்லாவிட்டால் நீ அந்த ஷாட்டை வெட்டிவிடுவாய் என்பதால் சொல்கிறேன். என்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்ததற்காகவும் உன் மேல் கோபம்.

அந்த ஷாட்டை நீ எப்போது எடுத்தாய் என்று எனக்குத் தெரியாது. "கட்" என்று நீ சொன்னது காதில் விழுந்தது. எல்லோரும் விளக்குகளை மடக்க வெளியே போனீர்கள். நான் போய் என் நாற்காலியில் உட்கார்ந்து, சோதனை ஃப்ரேமை எடுத்து மாட்டிக்கொண்டு, எதிர்ச் சுவரில் இருக்கும் எழுத்துப் பலகையைப் பார்த்தேன். நீங்கள் இல்லாத நாட்களிலும் மத்தியானத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நான் செய்வது அதுதான். ஒரு வருஷமாகச் செய்கிறேன். வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. இடது கண்ணும் துணைக்குப் போகலாமா என்று யோசிக்கிறது.

சிரிக்காதே. ஊருக்கே "அட, இதெல்லாம் சின்ன வேலைங்க, டாக்டர் பாத்து அர மணி நேரத்துல எடுத்துடுவாரு, போய்ட்டு வாங்க" என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறவன் நான். என்னால் மட்டும் போக முடியவில்லை. கண்ணாடிக்காரனுக்கே கண் தெரியவில்லை என்று எதிர்க்கடை மருந்துக்காரர் காதில் விழுந்தால், அவர் அதை மாத்திரையோடு சேர்த்து ஊருக்கெல்லாம் மூன்று வேளை கொடுப்பார் என்று பயந்தேன். வேலையில் தப்பு வரவில்லை. பவரை மிஷினில் பார்க்கிறேன், குச்சியோடு பலகைக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன், ஒவ்வொரு லென்ஸையும் இரண்டு தடவை சரிபார்க்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்தால்தான் தெரிவதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நீ படத்தைப் போட்டாய். மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் கிட்டே உட்கார்ந்து பார்த்தேன். வெறும் ஃப்ரேம் காட்சியில் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டேன். பிறகு அந்தக் கடைசி ஷாட் வந்தது. வாசல் பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறாய். நானும் தெரிகிறேன், பலகையும் தெரிகிறது. நான் கடைசி வரியை வாய்விட்டுப் படிக்கிறேன். "ட, ப, ம, ய, க." கணீர் என்று படிக்கிறேன். பலகையில் இருப்பது 'ப, ய, ட, ர, ம'.

பழைய பலகை வெளுத்துப்போய், போன வருஷம்தான் புதிதாக ஒன்றை மாட்டினேன். பழையதில் கடைசி வரி 'ட, ப, ம, ய, க'. இருபது வருஷம் சொன்ன வாய், கண்ணுக்கு ஒன்றும் தெரியாததால் பழையதையே சொல்லிவிட்டது. எனக்கே அது தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு மத்தியானமும் கடைசி வரியைப் படித்துவிட்டேன், இன்னும் நாள் இருக்கிறது என்று நிம்மதியாக எழுந்து போனவன் நான். உன் படத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அப்போது நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டாய். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். சுவரைப் பார்த்தேன். என் கையைப் பார்த்தேன். பரவாயில்லை என்றேன். வேறு என்ன வார்த்தை இருக்கிறது என்னிடம்?

இப்போது என் உண்மையான கோபத்தைச் சொல்கிறேன், கேள். செயலாளர் "வாபஸ் வாங்கிட்டாங்களே" என்று சொன்னாரே, அந்த நிமிஷம், வாயைத் திறந்து கத்துவதற்கு முன்னால், ஒரு இமை கொட்டுகிற நேரம், அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஊர் பார்க்காது, தப்பித்தோம் என்று. அதற்குப் பிறகு நான் போட்ட சத்தமெல்லாம் அந்த அப்பாடாவை அடக்கப் போட்ட சத்தம். இன்று காலையும், நீ அந்த ஷாட்டைத் தூக்கிவிடப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னபோது, இன்னொரு தடவை அதே அப்பாடா. சீ! மருமகளின் படத்தை வெட்டித் தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிற மனுஷன் ஒருவன் இத்தனை நாளாக என் சட்டைக்குள் இருந்திருக்கிறான். அவனைத் திட்ட இந்தத் தாள் போதாது.

உன்னையும் விடப் போவதில்லை. ஒரு கதவு திறப்பதை முப்பத்தேழு தடவை எடுத்தாய். நான் லென்ஸைத் துடைப்பதை இருபத்திரண்டு தடவை எடுத்தாய். அந்தப் பெண் "இல்ல" என்று சொல்வதை எத்தனை தடவை எடுத்தாய் என்று எண்ணிக்கொண்டிருந்த உன் தோழி எண்ணிக்கையை விட்டுவிட்டுத் தூங்கிப்போனாள். ஆனால் அந்தக் கடைசி ஷாட்டை ஒரே தடவைதான் எடுத்தாய். மறுபடி என்று கேட்கவில்லை. வாசலில் நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு, மூன்று நிமிஷம், ஒரு கை நடுக்கம் இல்லாமல் எடுத்திருக்கிறாய். அந்த மூன்று நிமிஷம் உன்னுடைய சந்தேகம் எங்கே போயிருந்தது? அதைத்தான் ஒன்றுமே நடக்கவில்லை என்று தூக்கிப் போடப் பார்க்கிறாய். தொட்டுப் பார். மெத்தைக் கம்பெனிக்கே வந்து, அத்தனை மெத்தை மேலும் ஏறிக் குதித்து, உன் முதலாளியிடம் மாமன் என்று அறிமுகம் செய்துகொள்வேன்.

நாளைக் காலை கண் டாக்டரிடம் போகிறேன். போய்ச் சொல்லிவிட்டால் பிறகு மறைக்க எதுவும் இருக்காது. மருந்துக்காரரிடம்கூடச் சற்று முன் நானே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். "எனக்கும் சர்க்கரைங்க, ஆறு வருஷமா. யார்ட்டயும் சொல்லல" என்றார் அந்த மனுஷன். இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்குத் தெரு சரியாகத் தெரியவில்லை.

பதினைந்தாம் தேதிக்குள் செயலாளருக்கு எழுது. ஒரு ஷாட்டும் குறையாமல் போகட்டும். பதினெட்டாம் தேதி முன்வரிசையில் நான்காவது நாற்காலி இருக்கிறதே, அதில் என் புகழை எழுப்பிவிட்டேன். அது உனக்கு. நீ பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் என்ன வருகிறது என்று எனக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டு வர வேண்டும். வராவிட்டால் பக்கத்தில் இருக்கிறவரிடம் கேட்பேன், சத்தமாகக் கேட்பேன், கழகமே கேட்கும்படி கேட்பேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் கண் நன்றாக இருக்கட்டும். உன் கண்ணில் ஒரு குறையும் இல்லை, சோதித்துப் பார்த்தவன் சொல்கிறேன்.

தாளின் அடியில் ஒரு வரி எழுதியிருக்கிறேன். பலகையின் கடைசி வரியைவிடப் பொடி எழுத்து. எழுதி முடித்துப் பார்த்தால் என்னாலேயே படிக்க முடியவில்லை. அப்படி இருந்ததால்தான் எழுத முடிந்தது. நீ படித்துக்கொள்.

உன் மாமன்

படம் ரொம்ப நல்லா இருக்குடி.